வர வேண்டாம் என்று வைத்த பத்திரிகை

இதை உன் வீட்டு முகவரிக்கே அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் உனக்கு வரும் கடிதங்களை இப்போது வேறு யாரோ பிரித்துப் படித்து, இரண்டு வரியில் சுருக்கி உன் மேஜையில் வைக்கிறார்களாம். நீயே கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னாய். தந்தை நலம், தங்கள் நலமறிய ஆவல் என்று என்னையும் சுருக்கிவிடுவார்கள். சுருக்கம் என்ற சொல்லே எனக்கு இப்போதெல்லாம் ஆவதில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குப் போகப் போகச் சொல்கிறேன். நேரில் பேசலாம் என்றால், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கித் தருவதாக உன் உதவியாளர் மிகவும் மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதையே எனக்குச் சரியாகப்படவில்லை. ஆகவே ஊரறிய எழுதுகிறேன். ஊரெல்லாம் படித்தால் யாராவது ஒருத்தர் உன்னிடம் முழுசாகச் சொல்வார்கள்.

என் சுபாவம் உனக்குத் தெரியாததல்ல. வேலைக்காலம் முழுவதும் நான் கணக்கு வாத்தியார். பாடம் நடத்தியதைவிடப் பரீட்சை ஹாலில் நடந்ததுதான் அதிகமோ என்று சில சமயம் தோன்றுகிறது. தலையைக் குனிந்து எழுதுகிறவனைக் கவனிக்கவே மாட்டேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்து யோசிக்கிறவனையும் விட்டுவிடுவேன். என்னைப் பார்த்துச் சிரிக்கிறவன் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். நீ நிதியமைச்சராகப் பதவியேற்றதிலிருந்து சாந்தோம் வீட்டு வாசலில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். நான் மனு எழுதிப் போட்டு எழுதிப் போட்டு அலுத்துப்போன தெருமுனைச் சாக்கடை மூடி, நீ பதவியேற்ற வாரமே தானாக வந்து உட்கார்ந்தது. உன் அம்மா மாதாவுக்கு நன்றி சொன்னாள். நான் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே சாக்கடை அப்படியேதான் இருந்தது. கேக் டப்பாக்கள் வருகின்றன, பழக்கூடைகள் வருகின்றன, வந்த சூட்டோடு திரும்பிப் போகின்றன. "ஏங்க, வர்றவங்களையெல்லாம் காப்பி அடிக்க வந்தவன் மாதிரி பாத்தீங்கன்னா நாளைக்கு நமக்குன்னு யாரு இருப்பா? ஒரு டப்பாவையாவது பிரிக்க விடுங்க, பிளம் கேக் வாசனை வருது" என்கிறாள். வாசனை எனக்கும்தான் வருகிறது. வேறு வாசனையும் சேர்ந்து வருவதால் பிரிக்க விடவில்லை.

எல்லோரும் உனக்குப் பதவி கிடைத்ததைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்: ஏன் உன்னைத் தேர்ந்தெடுத்தார்கள்? உனக்குப் பின்னால் கூட்டம் கிடையாது. கொடி பிடித்தவன் கிடையாது. உன் வாழ்க்கையில் நீ போட்ட ஒரே கோஷம் பள்ளி விளையாட்டு விழாவில் போட்டது, அதுவும் தோற்ற அணிக்கு. நீ கெட்டிக்காரன் என்பதால் என்று உன் அம்மா சொல்கிறாள். கெட்டிக்காரர்களை யாரும் வீடு தேடி வந்து அழைத்துப்போய் நாற்காலியில் உட்கார வைப்பதில்லை. அதற்கு வேறு தேவை இருக்க வேண்டும். எனக்குச் சர்ச்சுக்குப் பின்னால் கடற்கரையில் நீ விளையாடிய கிரிக்கெட்தான் ஞாபகம் வந்தது. ஒரு கோடை விடுமுறை முழுக்கப் பெரிய பையன்கள் உன்னை அம்பயராக நிறுத்தியிருந்தார்கள். "நீதான்டா நேர்மையா சொல்லுவ, உன்னத் தவிர யாருக்கும் ரூல் புரியாது" என்று அவர்கள் சொன்னதை வீட்டுக்கு வந்து முகம் மலரச் சொன்னாய். அந்தக் கோடையில் மட்டை உன் கைக்கு வரவே இல்லை என்பது எனக்குத்தான் உறைத்தது, உனக்கு உறைக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் அவுட்டா இல்லையா என்று சண்டை வந்து, இரண்டு கட்சியும் ஒன்று சேர்ந்து உன்னைத்தான் திட்டின. அழுதுகொண்டே வந்து, நான் சொன்னது சரிதான்ப்பா என்றாய். சரியாகத்தான் சொல்லியிருப்பாய். உன்னைத் தவிர யாருக்கும் புரியாது என்று ஒருவன் சொன்னால் நீ எதையும் செய்வாய் என்பதை அந்தப் பையன்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனை பேர் கண்டுபிடித்தார்களோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

இனி தேவராஜைப் பற்றி. உனக்கு அறிமுகம் தேவையில்லை, படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அடையாறில் நீ படித்த பள்ளிக்கு உன்னை ஆட்டோவில் ஏற்றிப்போய் ஏற்றிவந்தவர் தேவராஜ். அவருடைய வீடு ஆற்றங்கரையில், பாலத்துக்குக் கீழே இருந்த குடிசை வரிசையில். எனக்கும் உன் அம்மாவுக்கும் பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ் இருந்த நாட்களில் உன்னை நேரே அங்கே கொண்டுபோய்விடுவார். அவர் மனைவி காமாட்சி உனக்குச் சாதம் போட்டு, மீன் முள்ளை எடுத்துக் கொடுத்து, வாசலில் உட்கார்ந்து நீ வீட்டுப்பாடம் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வரிசையில் யார் எந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார்கள், யார் எந்தக் கடையில் மூட்டை தூக்குகிறார்கள், மழை பெய்தால் யாருக்கு வேலை நிற்கும் என்பதெல்லாம் உனக்குப் பத்து வயதிலேயே தெரியும். பொருளாதாரம் என்ற பெயரெல்லாம் பிறகுதான் வந்தது. கல்லூரியில் நீ எழுதிய முதல் கட்டுரையே வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் குடியிருப்பதன் மதிப்பைப் பற்றித்தான். அந்தக் கட்டுரைதான் உனக்கு வெளிநாட்டு உதவித்தொகை வாங்கித் தந்தது. அங்கே டாக்டர் பட்டம், பேராசிரியர் வேலை, பிறகு உலக நாடுகளுக்கெல்லாம் யோசனை சொல்கிற பெரிய உத்தியோகம். ஒவ்வொன்றையும் நான் சத்தமாகச் சொன்னேன். சர்ச் வாசலில் சொன்னேன், முடிவெட்டும் கடையில் சொன்னேன், மயிலாப்பூர் காய்கறிக்காரரிடம் அவர் கேட்காமலே சொன்னேன். கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி பேசியே பழகிய தொண்டை எனக்கு. உன் பெயரைச் சொல்லும்போது அது இன்னும் ஒரு படி ஏறும்.

நீ ஊர் திரும்பி, அடையாறில் அந்த ஆராய்ச்சி நிலையத்தை நடத்திக்கொண்டிருந்தபோதுதான் ஆற்றங்கரைக் குழுவுக்குத் தலைவராக உன்னைக் கூப்பிட்டார்கள். கரையில் இருப்பவர்களை வேறிடத்தில் குடியமர்த்தலாமா என்று ஆராயச் சொன்னார்கள். என்னைவிட உனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம், ஆகவே நல்லது என்று நானும் நினைத்தேன். நீ கனமான அறிக்கை எழுதினாய். முதலில் பள்ளிக்கூடம், முதலில் பஸ், முதலில் அங்கே வேலை. இவை மூன்றும் வரும்வரை ஒரு குடும்பத்தைக்கூட அசைக்கக்கூடாது என்று நான்காவது அத்தியாயத்தில் அழுத்தந்திருத்தமாக எழுதியிருந்தாய். நான் வரி விடாமல் படித்தேன். ஆனால் முன்பக்கத்துச் சுருக்கத்தை நீ எழுதவில்லை. துறையில் யாரோ எழுதினார்கள், நீ கையெழுத்துப் போட்டாய். அதில் பள்ளியும் இல்லை, பஸ்ஸும் இல்லை, வேலையும் இல்லை. குடியமர்த்துவது சாத்தியமே என்பது மட்டும் இருந்தது, கீழே உன் பெயர் இருந்தது. அந்த ஒரு பக்கத்தைக் காட்டித்தான் லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் உன்னைக் கேட்டேன். "நான் எழுதினது எல்லாம் உள்ள இருக்குப்பா, யார் வேணும்னாலும் படிச்சுப் பாக்கலாம்" என்றாய். பேராசிரியர்களுக்கு மட்டுமே வரக்கூடிய நினைப்பு அது. புத்தகத்துக்குள் எழுதிவைத்துவிட்டால் உலகத்துக்குச் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்கிறீர்கள். ஒரு பத்திரிகையாளரைக் கூப்பிட்டு, அந்தச் சுருக்கம் என்னுடையது அல்ல என்று நீ சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உனக்குச் சண்டை பிடிக்காது என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

ஏனென்றால் போன வாரம் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். செண்டு வாசனை அவருக்கு முன்னால் வந்து சோபாவில் உட்கார்ந்தது. கட்சிக்காரரா, காண்டிராக்டரா, இரண்டுமா என்று சொல்லவில்லை. பழக்கூடையை நான் தொடாததைப் பார்த்தும் அவர் சிரிப்பு குறையவில்லை. "ஆத்தங்கரைத் திட்டம் ரெண்டாவது பாகம் இந்த பட்ஜெட்டுல வருது சார். எதிர்க்கரை மொத்தமும் கிளியர் ஆயிடும். யார் சொன்னாலும் கத்துவாங்க, உங்க மகன் சொன்னா கத்த மாட்டாங்க. அவரைத் தவிர இதை எடுத்துச் சொல்ல ஆளே கிடையாது சார்" என்றார். கடற்கரைப் பையன்கள் சொன்ன அதே வாசகம். அவர் போனதும் உனக்குப் போன் செய்தேன். உன் கூட்டம் முடியும்வரை காத்திருந்து கேட்டேன். "அது வீட்டு வசதித் துறைப்பா. நிதி ஒதுக்கறது மட்டும்தான் என் வேலை" என்றாய். நான் கேள்வியை முடிக்கும் முன்பே பதில் வந்துவிட்டது. பரீட்சை ஹாலில், ஸ்கேலுக்கு அடியில் என்ன என்று கேட்பதற்குள் ஒண்ணுமில்ல சார் என்பவனை நான் பார்த்திருக்கிறேன். உன்னை அந்த வரிசையில் வைத்துப் பார்க்க நேரும் என்று நினைத்ததே இல்லை. சென்ற தடவை உனக்குத் தெரியாமல் நடந்தது. இந்தத் தடவை உனக்குத் தெரியும் என்று சந்தேகப்படுகிறேன். இதை எழுத எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

இந்த மனநிலையில் நான் இருந்தபோதுதான் தேவராஜ் வந்தார். கரையிலிருந்து லாரியில் ஏற்றிப்போன பிறகு அவர் நம் வீட்டுக்கு வந்ததே இல்லை. வாசலில் செருப்பை விட்டுவிட்டு, கையில் தட்டோடு நின்றார். பேத்தி ரேவதிக்குக் கல்யாணம். வெற்றிலை பாக்கு, பழம், மேலே மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகை. குங்குமச் சிமிழை மட்டும் எடுத்துவரவில்லை. நமக்கு அது வழக்கமில்லை என்று மனிதர் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார். உன் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "வாங்க தேவராஜ், காமாட்சி எப்படி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே காபி போட உள்ளே போனாள். நான் பத்திரிகையைப் பார்த்தேன். ஒன்றல்ல, இரண்டு இருந்தன. கீழே இருந்ததில் உன் பெயருக்கு முன்னால் மாண்புமிகு என்று பேனாவால் எழுதியிருந்தது. என் புத்தி உடனே விழித்துக்கொண்டது. இவருமா என்று நினைத்தேன். மந்திரி வந்து நின்றால் மண்டபத்தில் ஒரு மதிப்பு, நாளைக்கு ஒரு காரியத்துக்கு ஒரு வழி. அவர் வாயைத் திறக்கும் முன்பே நான் ஆரம்பித்துவிட்டேன். "தேவராஜ், தப்பா நெனச்சுக்காத. அவனுக்கு இப்ப மூச்சு விட நேரமில்ல. அதுவும் இல்லாம ஒரு கல்யாணத்துக்குப் போனா எல்லாக் கல்யாணத்துக்கும் போகணும்."

அவர் முகத்தில் ஏமாற்றம் தெரியும் என்று பார்த்தேன். தெரிந்தது நிம்மதி. "அத்த சொல்லத்தான் சார் நானும் வந்தேன். எப்டி ஆரம்பிக்கறதுன்னு பஸ்ல வரசொல்லோ பூரா யோசிச்சிக்கினே வந்தேன். நீங்களே சொல்லிட்டீங்க" என்றார். எனக்குப் புரியவில்லை. தட்டை என் பக்கம் நகர்த்தினார். "தம்பிக்குப் பத்திரிக வெக்காம எங்க வூட்ல கல்யாணம் நடக்கக் கூடாது சார். என் பொஞ்சாதி கையால துன்ன புள்ள. வெச்சிட்டேன். ஆனா தம்பி வரவேணாம் சார்." ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "அங்க கீறவங்க எல்லாம் கரையிலேர்ந்து வந்தவங்கதான் சார். மாப்ள வூட்டுக்காரங்களும் அப்டித்தான். இன்னார் எழுதிக் குட்துதான் நம்மளத் தூக்கனாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். எவனாவது ஒர்த்தன் எகிறிட்டான்னா பொண்ணு மனசு கஷ்டப்படும். தம்பி மனசும் கஷ்டப்படும்." நான் உன் வக்கீலாக மாறினேன். அவன் அப்படி எழுதவில்லை, முழு அறிக்கையில் வேறு மாதிரி இருக்கிறது, நான்காவது அத்தியாயம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். பொறுமையாகக் கேட்டார். "இருக்கலாம் சார். நாங்க எங்க சார் முழுசாப் படிச்சோம்? வண்டி வந்து நின்னுச்சு, ஏறிக்கினோம்" என்றார். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கிளம்பும்போது, நீங்களும் டீச்சரம்மாவும் அவசியம் வரணும் என்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே, தரையைப் பார்த்தபடி, "யாருன்னு மட்டும் சொல்லிக்க வேணாம் சார்" என்றார்.

அழைக்காமல் விடுவது அவமரியாதை, அழைத்தால் வந்துவிடப் போகிறான் என்ற பயம். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதர் அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து, அழைப்பையும் வைத்து, வராதே என்பதையும் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். வந்தவர்களில் உன்னிடம் எதையும் கேட்காத ஒரே ஆளைத்தான் நான் வாசலிலேயே மடக்கினேன். அவருக்குப் போட்ட காபியை உன் அம்மாவே எடுத்துக் குடித்தாள்.

நேற்று கல்யாணத்துக்குப் போனோம். நீ அனுப்புவதாகச் சொன்ன காரை ஏன் வேண்டாம் என்றேன் என்பது இப்போது புரிந்திருக்கும். அடையாறில் பஸ் மாறி, பெருங்குடிக் குப்பைமேட்டு நாற்றத்தைத் தாண்டி, பிறகு ஒரு ஷேர் ஆட்டோவில் நசுங்கி, வெயில் ஏறியபோதுதான் அந்த அடுக்குமாடி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தோம். நீ நான்காவது அத்தியாயத்தில் எழுதியிருந்தது இந்தப் பயணத்தைத்தான். படித்தபோது எனக்கு அது ஓர் அட்டவணையாகத் தெரிந்தது. நேற்று முழங்கால் வலியாகத் தெரிந்தது. இரண்டு பிளாக்குகளுக்கு நடுவில் சாமியானா போட்டிருந்தார்கள். ரேவதி அழகாக இருந்தாள். அடையாறில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், கடை மூடும் நேரத்துக்குப் பிறகு பஸ் இல்லாததால் விட்டுவிட்டாளாம். மாப்பிள்ளையின் சித்தப்பா என்னை மேலும் கீழும் பார்த்து, பெரியவர் யாரு என்று கேட்டார். தேவராஜ் என் தோளில் கை வைத்து, "நம்ம பழைய சவாரி நைனா, சாந்தோம் பார்ட்டி" என்றார். நான் தலையாட்டினேன். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர், இலையில் சாம்பார் விழும்போதே, டிவியில் பார்த்த உன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "இன்னா அழகா பேசறான் பாரு. படிச்சவன் இல்ல? அவன் ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டான், நம்ம வூடு போச்சு." என் முழங்காலின் மேல் உன் அம்மாவின் கை வந்து அழுத்தியது. நான் சாம்பாரைப் பிசைந்துகொண்டே இருந்தேன். வாழ்க்கை முழுக்க உன்னை ஊருக்கே அறிவித்தவன், உன் அப்பன் என்று தெரிந்துவிடுமோ என்று பயந்து சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இவ்வளவுக்கும் பிறகு உனக்கு என்ன புத்தி சொல்வது? பதவியை விட்டுவிடு என்று சொல்லப்போவதில்லை. அது எனக்கு வீரமாக இருக்கும், எதிர்க்கரையில் இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது. வேறொரு அம்பயரைப் பிடித்து நிறுத்துவார்கள். அடுத்த மாதம் சட்டசபையில் எழுந்து நிற்கும்போது, உனக்காக யாரோ எழுதிக் கொடுத்த வரியைப் படிக்காதே. படித்தே தீர வேண்டுமென்றால், பள்ளியும் பஸ்ஸும் வேலையும் வரும்வரை ஒருவரையும் அசைக்க மாட்டோம் என்பதை உன் வாயால், அதே மூச்சில் சொல். சொன்னால் உன்னைத் தூக்கிவிடுவார்கள் என்றால், எதற்காக உன்னை உட்கார வைத்தார்கள் என்பது அப்போதாவது உனக்குத் தெரியவரும். அது என் துறை இல்லை என்று மட்டும் இன்னொரு முறை என்னிடம் சொல்லாதே. காமாட்சி முள் எடுத்துக் கொடுத்தபோது அது அவருடைய துறையா என்று யோசிக்கவில்லை.

காமாட்சியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன்; மறக்கவில்லை, தள்ளிப்போட்டேன். பந்தி முடியும் நேரத்தில் பாயசத் தூக்கோடு அவரே வந்தார். உடம்பு பாதியாகிவிட்டது. அடையாறில் சமைத்துக்கொண்டிருந்த வீடுகளெல்லாம் போய், இப்போது சும்மாதான் இருக்கிறாராம். என் இலையில் பாயசத்தை ஊற்றிவிட்டு நகராமல் நின்றார். எதிரே இருந்தவர் வேறு பக்கம் திரும்பும்வரை காத்திருந்து, குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "தம்பி நல்லா கீறாரா சார்?" என்று கேட்டார். நான் அக்கம்பக்கம் பார்த்தேன். பிறகு அவரைப்போலவே குரலைத் தாழ்த்தி, நல்லா இருக்கான் என்றேன். கடைசி பெஞ்சு வரை கேட்கிற தொண்டை என்று சொன்னேனே, உன்னைப் பற்றி அது கிசுகிசுத்தது அதுதான் முதல் தடவை. பட்ஜெட் அன்று நானும் உன் அம்மாவும் டிவி முன்னால்தான் இருப்போம், அங்கே காமாட்சியும் இருப்பார். அடுத்த முறை அவர் கேட்டால், பந்தி முழுக்கக் கேட்கும்படி நான் பதில் சொல்ல வேண்டும்.